மாதத்தைச் சரியாகச் சொன்னவள்

எங்கள் லேப்பை நடத்திய டாக்டர் பொய் சொன்னார். தெரியாமல் சொன்ன பொய் என்று யாரும் அவருக்காகப் பேச வேண்டாம். அன்று காலை நான் அவர் அறைக்குள் போய், நம்முடைய அட்டவணை தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். அன்று மத்தியானமே ஒரு நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தபோது, ரிப்போர்ட் சரிதான் என்றார். அந்தப் பேச்சை நம்பி ஒரு பெண்ணின் நாலு மாதக் கர்ப்பத்தைக் கலைத்தார்கள். பிறகு அவர் இன்னொரு பொய் சொன்னார். அது முதல் பொய்யைவிடக் கேவலமானது.

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ‘உங்கள் அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் மேடம்’ என்று கேட்டீர்கள். ரிட்டயர் ஆனவள் என்றால் பழைய மைக்ராஸ்கோப்பைப் பற்றியும், கரண்ட் போனால் பட்ட பாட்டைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்க எழுதுவாள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்படி எழுத வராது. வேலைக்காலம் முழுவதும் ரத்தம் பார்த்தவள் நான். உங்களுக்கு நான் சொல்லியே தீர வேண்டியது ஒரே ஒரு விஷயம். அதை மட்டும் சொல்கிறேன்.

கர்ப்பமான பெண்ணின் ரத்தத்தில் சில புரதங்கள் புதிதாக வரும். நஞ்சுக்கொடி அவற்றைச் சுரந்து தாயின் ரத்தத்தில் விடும். எண்பதுகளின் கடைசியில் எங்கள் லேப்பில் அதில் ஒன்றை அளக்க ஆரம்பித்தோம். கர்ப்பம் நல்லபடியாக இருந்தால், நஞ்சுக்கொடி வளர வளர அந்தப் புரதமும் மாதா மாதம் ஏறிக்கொண்டே போகும். மாதத்துக்கு ஏற்ற அளவு இல்லையென்றால் குழந்தை வளரவில்லை, அல்லது உள்ளேயே நின்றுபோய்விட்டது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தால் இதயம் துடிப்பதே தெரிகிறது. அன்றைக்கு எங்களிடம் ரத்தம் அனுப்பிய நர்சிங் ஹோம் எதிலும் ஸ்கேன் கிடையாது. அதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். அதனால் எங்கள் ரிப்போர்ட்டுக்கு மரியாதை அதிகம்.

இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே எண் மூன்றாம் மாதத்தில் நல்ல எண், ஐந்தாம் மாதத்தில் கெட்ட எண். எண்ணை மெஷின் சொல்லிவிடும். மாதத்தை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

கிட் வெளிநாட்டிலிருந்து வரும். எந்த மாதத்துக்கு எவ்வளவு இருந்தால் இயல்பு என்று அதற்குள்ளேயே ஒரு அட்டவணையும் வரும். எங்கள் டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. “அந்த ஊருப் பொம்பளைங்க எடை என்ன, நம்ம ஊருப் பொம்பளைங்க எடை என்ன? அவங்க அளவை வெச்சு இவங்களை அளக்கறது என்ன நியாயம்?” என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதை நான் மறைக்கப் போவதில்லை. நம் பக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லாத கர்ப்பிணிகளாகப் பார்த்து ரத்தம் எடுத்து, மாதவாரியாக நமக்கென்று ஓர் அட்டவணை போடலாம் என்றார். கிட்டுக்கு ஆன செலவையும் அவரே போட்டார். நான் அவரோடு சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

ஒரே இடத்தில் நிறையக் கர்ப்பிணிகள் வேண்டுமென்றால் பனியன் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். டாக்டருக்குத் தெரிந்த ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி சரியென்றார். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுப்பவளுக்கு ஒரு டானிக் பாட்டில், ஒரு துண்டு.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு தையல் வரிசைக்கும் ஒரு கான்ட்ராக்ட்காரர். ஆளை எடுப்பதும் அவர், அனுப்புவதும் அவர். யார் யார் மசக்கையாக இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். எல்லாப் பெண்களும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்கள். பஞ்சு ஒட்டாமல் இருக்கக் கம்பெனிகளில் அப்படித்தான் போடுவார்கள். நான் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

மாதம் கேட்பதற்குத் தனி அறை வேண்டும் என்றேன். மேனேஜர் கையை விரித்தார். “ரூம் பூராவும் பீஸ் கட்டு அடுக்கியிருக்குதுங்க மேடம். நாளைக்கு ஷிப்மென்டுங்க.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “எத்தனை மாசம்னு கேக்கறதுக்கு எதுக்கும்மா தனி ரூம்? இதென்ன ரகசியமா?”

அப்படியே நடந்தது. ஒரு மேஜையில் எங்கள் கிளார்க் மாதம் கேட்டு எழுதினார். அவர் தோளை ஒட்டிக் கான்ட்ராக்ட்காரர் நின்றார். அடுத்த மேஜையில் நான் ரத்தம் எடுத்தேன்.

“எத்தனை மாசம்?”

“மூணுங்க.”

“உனக்கு?”

“ரெண்டு முடிஞ்சு மூணுங்க.”

“சத்தமாச் சொல்லு அம்மிணி, மெஷின் ஓடுதில்ல.”

“மூணுங்க!”

வரிசை நகர்ந்துகொண்டே போனது. இரண்டு, மூன்று, நான்கு. ஆறு ஏழு என்று சொன்னவள் அபூர்வம்.

லேப்பில் வந்து பார்த்தபோது, வெளிநாட்டு அட்டவணையைவிட எங்கள் எண்கள் எல்லா மாதத்திலும் எகிறி நின்றன. “ஐயா, ரொம்ப அதிகமா இருக்குதுங்க. மாசத்தை இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாங்களா?” என்றேன். அவர் சிரித்தார். “ஒல்லி உடம்பும்மா. ரத்தம் கொஞ்சமா இருந்தா அதுல புரதம் கெட்டியாத்தான் தெரியும். நான் எதிர்பார்த்ததே இதுதான்.” அது புத்தகத்தில் இருக்கிற காரணம்தான். ஒல்லியான பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. இவ்வளவு கூடுமா என்று மறுபடியும் கேட்டேன். கிளார்க்கைக் கூப்பிட்டு அட்டவணையைப் பிரிண்ட் போடச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளே, பொய்யான காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி உண்மையான காரணம்தான் ஆளைக் கவிழ்க்கும். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் அப்படி ஒன்று வந்தால், மீதிப் பாதி எங்கே என்று கேளுங்கள். திட்டினாலும் கேளுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் ரிப்போர்ட்டின் பின்பக்கம், ‘இப்பகுதிப் பெண்களுக்கான இயல்பு அளவு’ என்று அந்த அட்டவணை அச்சாகிப் போனது. எண்ணை எழுதுவது என் வேலை. அட்டவணையோடு ஒப்பிட்டு, நல்லது கெட்டது எழுதிக் கையெழுத்துப் போடுவது டாக்டர் வேலை.

சில மாதங்களில் விசித்திரமாக ஒன்று தெரிய ஆரம்பித்தது. கம்பெனிப் பெண்களின் ரத்தம் வந்தால் இயல்பு. சோமனூர்ப் பக்கத்து விசைத்தறி வீடுகளிலிருந்து வந்தால் குறைவு. டாக்டர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ராப்பகலாகத் தறிச் சத்தத்தில் இருக்கிற பெண்களுக்கு நஞ்சுக்கொடி கெட்டுப்போகிறதாம். “இதைப் பெரிய கூட்டத்துல பேசணும்மா” என்று உற்சாகமாக இருந்தார். தறிச் சத்தம் காதைக் கெடுக்கும், எனக்குத் தெரியும். நஞ்சுக்கொடியை எப்படிக் கெடுக்கும் என்று கேட்டேன். “அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம்” என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதம், சரஸ்வதி வந்தாள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டு மருமகள். வீட்டுக்குள்ளேயே தறி. அவளுக்கு மேல் அதிகாரம் பண்ணக் கான்ட்ராக்ட்காரர் யாரும் கிடையாது. முன்பு இரண்டு முறை கர்ப்பம் நிற்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை அனுப்பர்பாளையத்தில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்து, அங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த லேடி டாக்டர்தான் ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்திருந்தார். கூட அவள் கணவர் வேலுச்சாமி வந்திருந்தார். அவள் கைப்பையை அவர்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாதத்தை நானே கேட்டேன்.

“தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறதுக்கு மாலை போட்டிருந்தனுங்க மேடம். கெளம்பற அன்னிக்குக் காலையில தூரமாயிட்டனுங்க. சனம் பூராவும் நடந்து போவுது, நான் ஊட்டுல உக்காந்து அழுதுட்டிருக்கறேன். அதுதானுங்க கடைசி. அதுக்கப்புறம் வரவேயில்லீங்க.”

“அப்ப உங்க முருகனே நாளைக் குறிச்சுக் குடுத்துட்டாரு.”

அவள் சிரித்தாள். “ஆமாங்க. இந்தத் தடவை அவருதான் பாத்துக்கோணும்.”

நாலு மாதம். சந்தேகத்துக்கே இடமில்லை. எண் வந்தது. எங்கள் அட்டவணையில் நாலாம் மாதத்துக்கு இருந்ததில் பாதிக்கும் கீழே. ‘மாதத்துக்கு மிகவும் குறைவு, கர்ப்பம் வளரவில்லை’ என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டார். சாயந்திரம் வேலுச்சாமி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, ரத்தம் கொடுக்கும் நாற்காலியில் ஒரு பெண் கொழுகொழுவென்ற ஒரு குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள்.

“மேடம், என்னைய ஞாபகம் இருக்குதுங்களா? நாகமணிங்க. கம்பெனியில ரத்தம் எடுத்துட்டுத் துண்டு குடுத்தீங்களே.”

“பையன் நல்லாத் தெம்பா இருக்கானே.”

“இவனாலதானுங்க எம் மானம் போவுது. ‘எட்டாம் மாசத்துல இத்தாம்பெரிய புள்ள பெத்தவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்’னு எங்க கான்ட்ராக்ட்காரரு போறப்ப வாரப்ப எல்லாம் நக்கல் பண்றாருங்க.”

“எட்டாம் மாசத்துலயா பொறந்தான்?”

“அட, நீங்க வேறங்க! பத்து மாசமும் ரொம்பி, அதுக்கு மேலயும் உள்ள சொகமா உக்காந்திருந்துதான் வந்தான்.”

“அப்ப கேம்ப்ல எத்தனை மாசம்னு சொன்னே?”

“மூணுன்னு சொன்னனுங்க. அஞ்சு நடந்துட்டிருந்துச்சு.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அந்தாளு பக்கத்துலயே நின்னுட்டிருந்தா எப்படிங்க நெசத்தச் சொல்றது? அஞ்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே ஓவர்லாக் மெஷின அடுத்தவளுக்குக் குடுத்துட்டு கொறஞ்ச கூலிக்கு என்னையப் பிசிறு வெட்ட உக்கார வெச்சிருவாரு. ஏழுன்னா ஊட்டுக்குப் போன்னுருவாரு. போன மெஷின யாருங்க திருப்பித் தாரா? அதனால ஒண்ணு ரெண்டு மாசம் கொறைச்சுத்தான் சொல்லுவோம். சீட்ட அவரு வாங்கிப் பாப்பாருன்னு ஆஸ்பத்திரியிலயும் அதேதானுங்க. சட்டைக்குள்ள என்னத்தத் தெரியுது?”

“நீ மட்டுமா?”

“என்னுங்க இப்படிக் கேக்கறீங்க? வரிசையில நின்னவுக எல்லாருந்தான். மசக்கைன்னு ஆனவுடனே மூத்தவளுக மொதல்ல சொல்லித் தாரதே அதுதானுங்க.”

எனக்குக் கை நின்றுவிட்டது. மூன்று என்று சொன்னவர்கள் ஐந்தாம் மாதக்காரர்கள். நான்கு என்று சொன்னவர்கள் ஐந்தோ ஆறோ. அவர்களுடைய ஏறிய எண்களை வைத்துத்தான் எங்கள் நாலாம் மாதத்து இயல்பைப் போட்டிருந்தோம். அந்த அட்டவணையில், மாதத்தைக் குறைத்துச் சொன்னவள் பாஸ் ஆவாள். உள்ளபடி சொன்னவள் ஃபெயில் ஆவாள். தறி வீட்டுப் பெண்ணுக்கு மெஷின் பறிபோகும் பயமில்லை. அதனால் அவள் உள்ளதைச் சொன்னாள், ஃபெயில் ஆனாள். நஞ்சுக்கொடியில் ஒன்றும் குறைவில்லை.

நாகமணியை அப்படியே டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனேன். என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லச் சொன்னேன். சிரிப்பெல்லாம் போய், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “தப்புங்களா ஐயா? கம்பெனிக்குச் சொல்லீராதீங்க சாமி” என்றாள். அவர் ஒன்றும் இல்லை என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“சரிம்மா. அட்டவணை தப்புதான். மறுபடியும் வேற எடத்துல எடுத்துப் போடலாம். அது வரைக்கும் வெளிய பேசாதே. பேரு கெட்டுரும்.”

“நேத்து அந்தச் சோமனூர்ப் பொண்ணு ரிப்போர்ட் போயிருக்குதுங்க ஐயா.”

“அவங்க டாக்டருக்கும் கையி இருக்கு, கண்ணு இருக்கு. ரிப்போர்ட்டை மட்டும் பாத்தா எதுவும் பண்ணுவாங்க? நீ வேலையப் பாரு.”

நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அங்கே சரஸ்வதியைச் சேர்த்திருந்தார்கள். மத்தியானம் கர்ப்பத்தைச் சுத்தம் பண்ணுவதாக ஏற்பாடு. நர்சிங் ஹோமைச் சுற்றிப் பாத்திரப் பட்டறைகள். தட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. லேடி டாக்டரை அவர் அறையில் பிடித்தேன்.

“மேடம், எங்க ரிப்போர்ட்டை நம்பாதீங்க.”

“நீங்க லேப் இன்சார்ஜ் இல்லீங்களா? உங்க ரிப்போர்ட்டை நீங்களே நம்பாதீங்கன்னு சொல்றீங்க?”

நடந்ததைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம், குழந்தை உள்ளேயே இறந்துபோனது தெரியாமல் காத்திருந்து, ரத்தம் உறையாமல் போய் ஒரு பெண் அவர் கண் முன்னால் செத்துப்போனாள். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. காத்திருக்கச் சொன்னாலே அவருக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வரும். அவர் அவசரக்காரி இல்லை, பயந்துபோனவர்.

“கை வெச்சுப் பாத்தீங்களா? மாசத்துக்கு ஏத்தபடி இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“போன வாரம் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. இன்னிக்குக் கொஞ்சம் சின்னதாத் தெரியுது.”

“ரிப்போர்ட் வந்த பொறகுங்களா?”

அவர் மேஜை மேலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். காகிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைத் தொட்டால் கை அந்தக் காகிதத்தைத்தான் தொடும். இதை நீங்கள் யாரும் மறக்கக் கூடாது. நாம் அனுப்புகிற ஒரு வரி, இன்னொருவர் கையையும் கண்ணையும் மாற்றிவிடும்.

“நாளைக்குக் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்” என்றேன்.

யோசித்தார். பிறகு, “உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று போனை எடுத்தார். என் எதிரிலேயே கேட்டார். மறுமுனையில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்படீங்களா... சரிங்க டாக்டர்... சரிங்க” என்று சொல்லச் சொல்ல அந்த முகத்தில் சந்தேகம் அடங்குவதைப் பார்த்தேன். போனைப் பிடுங்கினேன்.

“ஐயா, காலையில நாகமணி உங்க முன்னாலதானுங்களே சொன்னா?”

“நீ அங்க எதுக்குப் போனே? லேப்புக்கு வா, பேசிக்கலாம்.” வைத்துவிட்டார்.

“அளவு சரிதான், ரிப்போர்ட்டை நம்பலாம்னு சொல்றாரு” என்றார் லேடி டாக்டர். “நீங்க ஏதோ கோபத்துல இருக்கறீங்கன்னும் சொல்றாரு.”

ஒரு நாள் பொறுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அட்டவணை தப்பு என்றுகூட ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம். பேர் கெடாமலே சொல்லியிருக்கலாம்.

நான் வார்டுக்கு ஓடினேன். வேலுச்சாமியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கோயம்புத்தூர் போங்கள், நானும் வருகிறேன் என்றேன். “ரெண்டு பெரிய டாக்டருங்களும் ஒண்ணாச் சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மாத்திச் சொல்றீங்க. நஞ்சாகி இவளும் போயிட்டா நான் என்னங்க மேடம் பண்ணுவேன்?” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரஸ்வதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

“மாசம் நான் சரியாத்தானுங்க சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னே கண்ணு. போக வேண்டாம். எந்திரி.”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். நர்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

நான் அந்த வராந்தாவிலேயே இருந்தேன். லேடி டாக்டர் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பட்டறைச் சத்தம் நிற்கவே இல்லை. அவர், “மாசத்துக்கு ஏத்த அளவுதாங்க” என்றார். உயிர் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் கைகள் மடியில் கிடந்த விதத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பையனா பெண்ணா என்பதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டாவது பொய்.

வேலுச்சாமி இரண்டு நாள் கழித்து லேப்புக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வந்தார். நான் அப்போது வேலையை விட்டுவிட்டு என் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இதமாகச் சொன்னார். “எங்க டெஸ்ட் சரியாத்தான் இருந்துச்சுங்க. உங்க சம்சாரம் மாசத்தைத் தப்பாச் சொல்லிட்டாங்க. படிக்காதவங்க, நாள் கணக்கு வெச்சுக்கத் தெரியலை. யாரு மேலயும் தப்பு இல்லீங்க.”

நான் குறுக்கே புகுந்து கத்தினேன். சரஸ்வதி தப்பாகச் சொல்லவில்லை, இவர் அட்டவணைதான் தப்பு என்றேன். டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “வேலையை விட்டுப் போறாங்க. மனசு சரியில்லை” என்றார். வேலுச்சாமி எழுந்து கும்பிட்டார். என்னைக் கும்பிடவில்லை, அவரை.

அடுத்த மாதத்திலிருந்து அந்த அட்டவணை ரிப்போர்ட்டில் இல்லை. பழையபடி வெளிநாட்டு அட்டவணையே வந்துவிட்டதாக அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏன் எடுத்தார்கள் என்று ஒரு நர்சிங் ஹோமுக்கும் சொல்லவில்லை. அந்த அட்டவணை புழங்கிய காலத்தில் குறைவு என்று போன மற்ற தறி வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. நான் லேடி டாக்டரிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்து சரஸ்வதி ஒருத்திதான் என்றார். மற்ற இடங்களில் நான் கேட்டபோது கதவைத் திறக்கவில்லை. லேடி டாக்டர் பிறகு பிரசவம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நான் இன்னொரு லேப்பில் சேர்ந்தேன். முதல் நாளே சொல்லிவிட்டேன், கர்ப்பிணியிடம் மாதத்தை நான்தான் கேட்பேன், தனியாகக் கேட்பேன், மாமியார் இருந்தாலும் புருஷன் இருந்தாலும் மேனேஜர் இருந்தாலும் வெளியே போக வேண்டும் என்று. திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வரட்டும். நீங்களும் அந்தப் பெயரை வாங்குங்கள். ‘இந்த மாதத்தைச் சொன்னதால் உனக்கு ஏதாவது நஷ்டம் வருமா?’ என்று அவளிடம் கேளுங்கள். வரும் என்றால், அவள் முதலில் சொன்ன மாதத்தை எழுதாதீர்கள். பொய் சொல்லும்படி அவளை நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு பொய்க்காரி என்று சொல்லாதீர்கள். நாகமணியும் அவள் கூட்டாளிகளும் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வாயைத் திறக்க முடியாத இடத்தில் நின்று கேள்வி கேட்டவர்கள் நாங்கள்.

சில வருடம் கழித்து சரஸ்வதி என் புது லேப்புக்கு வந்தாள். மறுபடியும் கர்ப்பம். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். நான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மாதம் கேட்டேன்.

“எனக்கு மாசம் சொல்லத் தெரியாதுங்க மேடம்” என்றாள். “நீங்களே பாத்து எழுதிக்குங்க. நான் சொல்லி ஒரு புள்ளையக் கொன்னுட்டனுங்க.”

“நீ சரியாத்தான் சொன்னே. தப்பு எங்க லேப்புல.”

“நீங்க நல்லவங்க. ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

“சத்தியமாச் சொல்றேன் அம்மிணி.”

“அப்ப அந்த டாக்டரய்யா ஏனுங்க அப்படிச் சொன்னாரு? அவரு வாயால மாத்திச் சொல்லட்டும், நம்பறேன்.”

அந்தக் கர்ப்பம் நல்லபடியாகத் தங்கியது, ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனாலும் அவள் மனதில் அது மாறவில்லை. ஜுரம் எத்தனை நாளாக என்று கேட்டால்கூட, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, நீங்க சொல்லுங்க என்கிறாள். அதற்குப் பிறகு பல முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சு செல்லாது. தீர்ப்பைச் சொன்னவர்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஐயா, உங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள் என்று எனக்கும் அழைப்பிதழ் வந்திருக்கிறது. லேப் துறையில் புதிதாக வந்தவர்களுக்கு நீங்கள் அறிவுரை சொல்லப் போகிறீர்கள் என்று அதில் போட்டிருக்கிறது. சொல்லுங்கள். அதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். அன்று மத்தியானம் போனில் ரிப்போர்ட் சரி என்று சொன்னபோது, அது சரியில்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், சரஸ்வதி மாதத்தைச் சரியாகத்தான் சொன்னாள் என்று எல்லார் எதிரிலும் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், லெட்டர் போட வேண்டாம். அவளைத் தப்பு சொன்னபோது அடுத்தவர் எதிரில்தான் சொன்னீர்கள். அவளையும் வேலுச்சாமியையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன் வரிசையில் உட்கார்ந்திருப்போம். எங்களைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.